வாய்தா போட்டாச்சுன்னு சும்மா திரும்பி வராதீங்க

(போடிநாயக்கனூரில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்ற குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக, அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.)



எப்போதும் இந்த மேடையில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நான் பேசப் போவது, நம் குழுக்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கஷ்டம். ஒரு வீட்டுப் பிள்ளையை அரசு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு விட்டுவிடுவார்கள் என்று பெற்றவள் போகிறாள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று உத்தரவாகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், "விடுதியில சேத்துருக்கேன்" என்று சொல்லிச் சமாளிக்கிறாள்.

அப்படிப்பட்ட ஒரு தாய்க்குச் சட்டம் என்ன உரிமை கொடுத்திருக்கிறது? அதைத்தான் இன்றைக்குப் பேசுவோம்.

ஒரு அக்கா கதை

பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. இந்த மாதிரி வழக்கில் சிக்கிய பிள்ளையின் பேர், படம், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அது பத்திரிகைக்குச் சொன்ன சட்டம்தான், ஆனால் குழாயடியில் பேசும் நமக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

அந்த அக்கா மலையடிவாரத்து ஊர். விடியக்காலை ஜீப் ஏறினால், முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஏலத்தோட்ட வேலை. வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மகனுக்கு 15 வயது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாதை ஓரமாக வைத்திருந்த பச்சைக் காய் மூட்டையை இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து தூக்கிவிட்டான் என்று வழக்கு. கூட இருந்த ஒருவன் பெரிய ஆள், ஏற்கெனவே வழக்கு உள்ளவன். அதனால் பையனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள்.

முதல் வாய்தாவுக்கு அக்கா போனாள். அடுத்த இரண்டு வாய்தாவும் காய் எடுப்பு மும்முரத்தில் வந்தது. ஒரு நாள் போகாவிட்டால் கூலி போச்சு. மேஸ்திரி ஜீப்பில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். "நான் போய் என்ன பேசப் போறேன், கைநாட்டு நான். அவங்க பாத்து விடுவாங்க" என்று இருந்துவிட்டாள்.

விடவில்லை. அவள் குழுப் பிரதிநிதி என்னிடம் வந்து சொன்ன பிறகு, நாங்கள் போய் உத்தரவு நகல் கேட்டு வாங்கினோம். நான் வாசிக்க வாசிக்க அந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையனை இன்னும் வைத்திருக்க எழுதியிருந்த காரணம் இதுதான்: பெற்றோர் ஆஜராகவில்லை, வீட்டில் பகலில் கவனிக்க ஆள் இல்லை.

பிள்ளைக்காக உழைக்கப் போனவள் அவள். ஆனால் காகிதத்தில் பிள்ளையைக் கவனிக்காதவளாக எழுதப்பட்டுவிட்டாள். அவள் பக்கத்தை அங்கே சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பிள்ளையை இன்னும் வைத்திருப்பது தானாக நடக்கும் காரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஒரு காரணம் எழுதித்தான் அது நடக்க வேண்டும். காரணம் எழுதியிருந்தால் அதற்குப் பதில் சொல்ல நமக்கு வழி இருக்கிறது. ஆனால் நாம் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டு இடம், இரண்டு முறை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் "சின்னப் பிள்ளைங்க கோர்ட்டு" என்கிறோம். உண்மையில் இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். வேலைக்குப் போய் மீட்கப்பட்ட பிள்ளை, கல்யாணம் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளை, வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, அடி உதைக்கு ஆளான பிள்ளை ஆகியோர் இங்கே வருவார்கள். இவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் இல்லை. பாதுகாப்பு தேவைப்படுகிறவர்கள். இவர்களை வைப்பது குழந்தைகள் இல்லத்தில்.

இன்னொன்று, இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைமீது குற்ற வழக்கு இருந்தால் இங்கே வரும். விசாரணை நடக்கும்போது வைப்பது கூர்நோக்கு இல்லம். தீர்ப்புக்குப் பிறகு அனுப்புவதாக இருந்தால் சிறப்பு இல்லம்.

இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021-ல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2022 செப்டம்பரில் அமலானது. பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் என்பது நமக்குப் புதிது இல்லை. நம் சென்னை மாகாணத்தில் 1920-லேயே குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது. இந்த நாட்டிலேயே அதுதான் முதல். ஆனால் இன்றைய சட்டம் சொல்லும் முக்கியமான விஷயம், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே வர வேண்டும்.

ஆகவே உங்களிடம் யாராவது உதவி கேட்டு வந்தால் முதல் கேள்வி: "குழுவா, குழுமமா?"

நாள் கணக்கு தெரிந்துகொள்வோம்

வட்டிக் கணக்கு நமக்குத் தலைகீழாகத் தெரியும். இந்த நாள் கணக்கையும் அதுபோல மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுவிலோ குழுமத்திலோ ஆஜர்படுத்த வேண்டும். போலீஸ் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. வழக்கில் பிடித்திருந்தால் பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் நலக் குழுவில், பிள்ளையின் வீட்டு நிலவரம் பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். குடும்ப ஆதரவு இல்லை, இன்னும் பாதுகாப்பு தேவை என்று குழு முடிவு செய்தால், 18 வயது வரைகூட இல்லத்தில் வைக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. பிள்ளையின் நிலைமையைக் குழு மறுஆய்வு செய்து பார்க்க வேண்டும்.

இளைஞர் நீதிக் குழுமத்தில், ஜாமீன் தருவதுதான் பொது விதி. தராமல் இருக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் சிலதான்: கெட்ட சகவாசத்தில் போய் விழுவான், பிள்ளைக்கு ஆபத்து, நீதிக்குக் கேடு. இவற்றில் எது என்று எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீனோ பணமோ கட்ட முடியாமல் 7 நாள் ஆகிவிட்டால், பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். இது தெரியாமல், ஜாமீன் கிடைத்தும் பிள்ளையை எடுக்க முடியாமல் இருந்துவிடாதீர்கள்.

ஜாமீன் இல்லை என்றால், எவ்வளவு காலத்துக்கு வைக்கிறோம் என்று உத்தரவில் குறிப்பிட வேண்டும். விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். காரணம் எழுதி அதிகபட்சம் இன்னும் 2 மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து, அதாவது அதிகபட்சத் தண்டனை மூன்று வருஷம் வரை உள்ள குற்றமாக இருந்து, அந்த நீட்டிப்புக்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கு அத்தோடு முடிந்தது. சாதாரணத் திருட்டு இந்த வகைதான். பெரிய குற்றம் என்றால் அதற்கு மேலும் நீட்ட முதன்மை நீதித்துறை நடுவர் காரணம் எழுதி அனுமதி தர வேண்டும்.

தீர்ப்பில் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் 3 வருஷத்துக்கு மேல் போடக் கூடாது. அதற்கு முன்பே, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, பெற்றோருடன் இருக்கும்படி விடுவிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நமக்கு உள்ள உரிமைகள்

முதலாவது, கூட இருக்கும் உரிமை. பிள்ளையும் பெற்றோரும் விவரம் தெரிந்து ஒவ்வொரு கட்டத்திலும் பங்கெடுக்கச் செய்வது குழுமத்தின் கடமைகளில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஓரமாக நிற்க வந்தவர்கள் இல்லை.

இரண்டாவது, காரணம் கேட்கும் உரிமை. "ஏன் நீட்டியிருக்கீங்க? அடுத்த தேதி எது? அதுக்குள்ள நாங்க என்ன செய்யணும்?" இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள். உத்தரவு நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, நம் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு. நன்னடத்தை அலுவலர் அறிக்கை ரகசியம்தான். ஆனாலும் அதன் சாரத்தைப் பெற்றோரிடம் சொல்லவும், அதற்குச் சான்று கொடுக்க வாய்ப்புத் தரவும் குழுவுக்கும் குழுமத்துக்கும் அதிகாரம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். அந்த அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போது நாம் தோட்டத்தில் இருந்தால், பக்கத்து வீட்டில் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போவார். வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, இலவச வக்கீல். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். போனில் கேட்க 15100. காசு கேட்கிற இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

ஐந்தாவது, மேல்முறையீடு. குழுவோ குழுமமோ போட்ட உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி ஏற்கக் கேட்கலாம். அந்த மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு பற்றிய குழுவின் முடிவுகளுக்கு மட்டும் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். இதற்கெல்லாம் மேலே சீராய்வு கேட்க உயர் நீதிமன்றம் இருக்கிறது. நமக்கு அது மதுரைக் கிளை. குழந்தைகள் நலக் குழு செயல்படும் விதத்தில் குறை இருந்தால் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வழி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சலுகை இல்லை. 1989-ல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் விசாரணையில் பெற்றோரின் பேச்சைக் கேட்க வேண்டும், வெளியே வைத்த பிள்ளையின் நிலையை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது.

கசப்பான ஒரு பேச்சு

உரிமையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் பாதிதான் சொன்னவளாவேன்.

இன்னொரு குடும்பம். பெண்ணுக்கு 16 வயது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் 1098-க்கு யாரோ போன் செய்து, நிறுத்திவிட்டார்கள். பெண்ணைக் குழந்தைகள் இல்லத்தில் வைத்தார்கள். நான்கு மாதம் ஆகியும் அனுப்பவில்லை. அந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போவதற்கு முன்னால் நான் கேட்டேன், "மதினி, பிள்ளை வந்தா என்ன செய்வீங்க?" அவர் சொன்னார், "மாப்பிள்ளை வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க. 18 வரைக்கும் இழுக்க முடியாது."

நான் என்ன செய்வேன்? அந்த நீட்டிப்பு நியாயமானதுதான் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவருக்குக் கோபம். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சகோதரிகளே, இந்தச் சட்டத்தில் பெற்றவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பிள்ளையின் நலன்தான் முதலில். பிள்ளையின் பேச்சையும் கேட்பார்கள். "என் பிள்ளை, எனக்குத்தான் உரிமை" என்று சத்தம் போட்டால் எடுபடாது. எந்தக் காரணத்துக்காகப் பிள்ளையை வைத்தார்களோ, அந்தக் காரணம் இப்போது வீட்டில் இல்லை என்று காட்டினால் எடுபடும். வேலைக்கு அனுப்பியதற்காக என்றால், பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்த கடிதம். கல்யாணத்துக்காக என்றால், பேச்சை முறித்துவிட்டோம், படிக்க வைக்கிறோம் என்று குடும்பமே வந்து சொல்வது. கவனிக்க ஆள் இல்லை என்றால், அம்மாச்சியோ தாய்மாமனோ பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பது.

அந்த அம்மா பிறகு ஒரு நாள் தானாக வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு மறுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க இடம் கேட்டு வைத்திருந்தார். அதற்கப்புறம்தான் பிள்ளை வீட்டுக்கு வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தால்

நம் பிள்ளைகள் விடுமுறையில் அம்மாவோடு ஜீப் ஏறிவிடுகிறார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைத் தோட்டக்காரர் யாரும் கூலிக்கு வைக்கக் கூடாது. இடுக்கி மாவட்டத்தில் பிள்ளையை மீட்டால், அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்தான் நிறுத்துவார்கள். அப்போது, "எங்க ஊர் தேனி மாவட்டம், எங்க மாவட்டக் குழுவுக்கு மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். பிள்ளையின் நலனுக்கு ஏற்றது என்றால், சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொண்டு மாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ் துணையோடுதான் அழைத்துவர வேண்டும்.

குற்ற வழக்கு என்றால் மட்டும், விசாரணை முடிந்து இறுதி உத்தரவு வந்த பிறகுதான் மாற்ற முடியும். அதுவரை நாம் அங்கே போகத்தான் வேண்டும். மலையாளத்தில் நடப்பது பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதைத் தருவது குழுமத்தின் கடமை. 15100 அங்கேயும் வேலை செய்யும்.

போய்ப் பாருங்கள்

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசுச் சிறார் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். இல்லத்துப் பணியாளர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகு சிறார் இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2023-ல் அறிக்கை கொடுத்தார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் அதுவே பிள்ளைக்கு ஒரு காவல். பார்க்கும் நாள், நேரம் கேட்டு வைத்துக்கொண்டு தவறாமல் போங்கள். இல்லம் மதுரை மாதிரி தூரமான ஊரில் இருந்தாலும் போங்கள். 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே மதுரைக்கு ரயில் ஓடுகிறது. போகும்போது பிள்ளையின் உடம்பைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால், அங்கேயே சண்டை பிடிக்காமல் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

முதலில் சொன்ன அக்கா மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இலவச வக்கீல் கிடைத்தார். பள்ளித் தலைமையாசிரியரிடம் மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் வாங்கினோம். தாய்மாமன் பகலில் தன் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றார். அடுத்த வாய்தாவில் அந்த அக்கா எழுந்து, "நான் வராம இருந்தது தப்பு. கூலிக்குப் போனேன். பிள்ளையை விட்டுட்டுப் போகல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷப் படிப்பு போனது போனதுதான். பத்தாவது எழுதிவிட்டான்.

உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: வீட்டுக்காரர் குடிக்கிறார். கூட வர மாட்டேங்கிறார். நான் மட்டும் போய்க் கேட்கலாமா?
பதில்: தாராளமாகக் கேட்கலாம். தாயும் பெற்றோர்தான். ஆனால் குடிகார வீட்டில் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பார்கள். பிள்ளையை நம்பகமான சொந்தக்காரர் பொறுப்பில் விடவும், கண்காணிப்போடு வீட்டுக்கு அனுப்பவும் குழுவால் முடியும். மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏதோ காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. வைக்கலாமா?
பதில்: வாசித்துக் காட்டச் சொல்லாமல் வைக்காதீர்கள். பிள்ளையை இல்லத்தில் தங்க வைப்பது வேறு, பிள்ளையை முழுசாக ஒப்படைத்துவிடுகிறேன் என்று குழு முன் எழுதிக் கொடுப்பது வேறு. அப்படி ஒப்படைத்திருந்தால், மறுபடி யோசிக்க 2 மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் உடனே குழுவிடம் போங்கள்.

கேள்வி: வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் பிள்ளையைக் கூட்டி வரலாமா?
பதில்: பரீட்சை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், சாவு, பெற்றோருக்கு விபத்து, கடும் நோய் இதற்கெல்லாம் விடுப்புக் கேட்கலாம். பொதுவாக ஒரு தடவைக்கு 7 நாள் வரை, பயண நேரம் தனி.

கேள்வி: கேஸ் இருந்தா நாளைக்கு வேலை கிடைக்காதே?
பதில்: இந்தச் சட்டப்படி முடிந்த வழக்கால் பிள்ளையின் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக் குறைவு வரக் கூடாது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்தால் மட்டும் விதிவிலக்கு.

கையோடு கொண்டு போக வேண்டியவை

பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று (வயதுக்கு முதலில் பார்ப்பது இதைத்தான்), குடும்ப அட்டை, ஆதார், முந்தைய உத்தரவு நகல், பள்ளிக் கடிதம், பொறுப்பேற்கும் சொந்தக்காரர். ஒரு நோட்டில் தேதி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் குழுப் பிரதிநிதி எழுதட்டும்.

கூட்டத்தில் எடுத்த முடிவு

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு உறுப்பினர்கள் வாய்தாவுக்குத் துணை போவார்கள்.
2. வாய்தா நாளில் கூலி இழக்கும் உறுப்பினருக்கு அவசரக் கடன் உடனே தரப்படும். அதற்குக் காரணம் "மருத்துவம்" என்றே பதிவேட்டில் எழுதிவந்தோம். இனி "குடும்ப அவசரம்" என்று எழுதினால் போதும். யார் வீடு, என்ன வழக்கு என்று யாரும் கேட்கக் கூடாது.
3. காய் எடுப்புக் காலம் தொடங்கும் முன், வாய்தா உள்ள தாய்மார் தங்கள் தேதியை ஊக்குநரிடம் சொல்லிவைக்க வேண்டும். தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு.